உஷார்! நடைபாதையை இடித்துத் தெருவைச் சமதளம் ஆக்குகிறார்களா?

உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஜேசிபி வந்து நிற்கிறதா? இருபுறமும் இருந்த நடைபாதை மேட்டை இடித்துவிட்டு, இந்தப் பக்கத்துக் கடை வாசலிலிருந்து அந்தப் பக்கத்துக் கடை வாசல் வரை ஒரே மட்டமாக பேவர் பிளாக் பதிக்கிறார்களா? இடையில் நாலைந்து பூந்தொட்டி, கல் பெஞ்சு, அலங்கார விளக்கு, ‘எல்லோருக்குமான தெரு’ என்று ஒரு பலகை வேறு வைத்திருக்கிறார்களா?

அழகாக இருக்கிறதே என்று கடந்துபோய்விடாதீர்கள். அந்தத் தெருவில் வண்டிகளின் வேகத்தை 20 கிலோமீட்டர் அளவுக்கு இறக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால், நடந்து போகிறவருக்கு மிச்சமிருந்த கடைசிப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். காரும் பைக்கும் சைக்கிளும் மனிதர்களும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் தெரு நல்ல யோசனைதான். ஆனால் வேகத்தை அடக்காமல் மேட்டை மட்டும் அகற்றினால் அது உயிர்ப்பலி கேட்கும்.

ஏன் இவ்வளவு பதற்றம்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் எந்த வண்டியிலும் ஏறாமல் நடந்து போனவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர்! அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடமும் நமக்குத்தான்: 17,884 பேர். நாடு முழுவதும் நடந்த சாலை மரணங்களில் பத்துக்கு ஏழு அதிவேகத்தால் நேர்ந்தவை என்கிறது அதே அறிக்கை. கொல்வது வேகம் என்று அரசே எழுதிவைத்திருக்கிறது. நாமோ வேகத்தைத் தொடாமல் தரையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

பதின்மூன்று மீட்டரில் தீர்மானமாகும் உயிர்

ஒரு குழந்தை தெருவுக்குள் ஓடிவருகிறது. ஓட்டுநர் கண்ணால் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னொரு 5 மீட்டர் வேண்டும். ஆக, சுமார் 13 மீட்டரில் கார் நின்றுவிடும்.

இப்போது அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். அதாவது, முதல் கார் முழுசாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. 13 மீட்டரில் நிற்கும் குழந்தையை அந்தக் கார் 50 கிலோமீட்டர் வேகம் சற்றும் குறையாமல் மோதும். 20 கிலோமீட்டரில் வந்திருந்தால் 8 மீட்டரிலேயே நின்றிருக்கும். இதெல்லாம் காய்ந்த சாலையில், நல்ல டயர் உள்ள வண்டிக்கு உரிய கணக்கு. மழையில் நனைந்து வழுக்கும் பேவர் பிளாக்கில் தூரம் இன்னும் கூடும்.

30 கிலோமீட்டர் அல்லது அதற்குக் குறைவான வேகத்தில் கார் மோதினால் நடந்து போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்க வாய்ப்பு உண்டு; 45 கிலோமீட்டரைத் தாண்டினால் பாதிப்பேர்கூடத் தேற மாட்டார்கள் என்று எச்சரிக்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமானியின் முள் ஒரு விரற்கடை நகர்வதற்குள் காயம் மரணமாகிவிடுகிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, இருசக்கர வாகனத்துக்கு 60 என்று உச்சவரம்பு வைத்தது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் அதைக் குறைத்து கார் 60, பைக் 50, ஆட்டோ 40, குடியிருப்புப் பகுதியில் எல்லா வண்டிக்கும் 30 என்று கொண்டுவந்தது. நல்ல முடிவு. ஆனால் அறிவிப்புப் பலகையைப் பார்த்து எத்தனை வண்டி வேகம் குறைகிறது என்று உங்கள் தெருமுனையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். பலகை வேகத்தைக் குறைப்பதில்லை. தெருவின் அமைப்புதான் குறைக்கும்.

நெதர்லாந்து முதலில் செய்தது என்ன?

இந்தச் சமதளத் தெருக்களுக்கு முன்னோடி என்று எல்லோரும் கைகாட்டுவது நெதர்லாந்தை. அங்கே நடந்ததைப் பாதியாக மட்டும் எடுத்துக்கொண்டதுதான் பல ஊர்களில் வினையாகிவிட்டது.

1971-ல் அந்தச் சின்ன நாட்டில் 3,200 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தாய் தந்தையர் கொதித்துப்போய்த் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே டெல்ஃப்ட் நகரத்துக் குடியிருப்புத் தெருக்களில் ஒரு புதிய அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தெருவை நேர்க்கோடாக விடாமல் வளைத்தார்கள். வளைவில் மரம் வைத்தார்கள். ஓட்டுநரின் பார்வை நீளமாக ஓடாதபடி பெஞ்சும் தொட்டியும் குறுக்கிட்டன. ‘வூனெர்ஃப்’ என்று அழைக்கப்பட்ட அந்தத் தெருக்களுக்கு 1976-ல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அங்கே வண்டி மனிதனின் நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்று சட்டமே சொன்னது. நடப்பவரும் விளையாடும் குழந்தையும் தெரு முழுவதையும் பயன்படுத்தலாம்.

அந்த வரிசையில் வந்தவர்தான் ஹன்ஸ் மொண்டர்மன் என்ற பொறியாளர். டிராக்டன் ஊரில் நாளொன்றுக்கு இருபதாயிரம் வண்டிக்கு மேல் கடக்கும் சந்திப்பில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் சதுக்கமுமாக மாற்றினார். ஓட்டுநருக்குச் சற்றுக் குழப்பம் இருந்தால் தானாகவே நிதானிப்பார், எதிரில் வருபவரின் கண்ணைப் பார்ப்பார் என்பது அவர் வாதம். பத்திரிகையாளர்கள் முன்னால், வண்டிகள் வரும் திசைக்கு முதுகைக் காட்டியபடி அவர் சாலையைக் கடந்து காட்டியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வண்டிகள் அவரைச் சுற்றிப் போயின.

அது எப்படி நடந்தது என்று யோசியுங்கள். அந்தச் சந்திப்புக்குள் நுழையும் முன்பே வண்டிகள் வேகம் தணிந்திருந்தன. அவர் இந்த முறையை நெடுஞ்சாலைக்குச் சிபாரிசு செய்யவில்லை. மக்கள் வாழும், கூடும் இடங்களுக்கு மட்டுமே சொன்னார். 30 கிலோமீட்டருக்கு மேல் போனால் கண்ணோடு கண் பார்ப்பது என்பதே நடக்காத காரியம். இந்த அடிப்படையை விட்டுவிட்டு, மேடில்லாத தரையை மட்டும் நகலெடுத்தன பல நகரங்கள்.

லண்டன் பட்ட பாடு

இங்கிலாந்து அப்படிச் சிக்கிய நாடு. லண்டனின் எக்ஸிபிஷன் ரோடு அருங்காட்சியகங்கள் வரிசையாக உள்ள தெரு. அதைப் பெரும் செலவில் ஒரே மட்டமாக்கி, குறுக்குக் கோடுகளாகக் கல் பதித்து 2012-ல் திறந்தார்கள். பார்க்க அற்புதமாக இருந்தது. 2017 அக்டோபரில் ஒரு கார் அங்கே நடந்துகொண்டிருந்தவர்கள் மீது ஏறியது. 11 பேருக்குக் காயம். பயங்கரவாதத் தாக்குதலோ என்று நகரமே கலங்கியது. விபத்துதான் என்று காவல்துறை அறிவித்தது. காரைத் தடுத்து நிறுத்த அங்கே நடைபாதை மேடு இருக்கவில்லை.

அதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்திருந்தது. பார்வையற்றவரும் பாராலிம்பிக் நீச்சல் வீரருமான நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் கிறிஸ் ஹோம்ஸ் 2015-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். பங்கேற்றவர்களில் 63 சதவீதம் பேர் இப்படிப்பட்ட தெருக்களில் தங்கள் அனுபவம் மோசம் என்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அந்தப் பக்கமே போவதைத் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். ‘எல்லோருக்குமான தெரு’ என்று கட்டினார்கள். அது பலரை வீட்டுக்குள் அடைத்துவிட்டது. கடைசியில் 2018-ல் பிரிட்டிஷ் அரசே தலையிட்டு, இத்தகைய சமதளத் திட்டங்களைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள் என்று உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

பார்வையற்றவருக்கு நடைபாதையின் விளிம்பு எவ்வளவு முக்கியம் தெரியுமா? வெள்ளைக் கோலின் நுனியால் அந்த விளிம்பைத் தடவித்தான் ‘இதுவரை நான் பத்திரம், இதற்கு அப்பால் வண்டி’ என்று அவர் அறிகிறார். குறைந்தது 60 மில்லிமீட்டர் உயரம் இல்லாவிட்டால் அந்த விளிம்பை உறுதியாக உணர முடிவதில்லை என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு கண்டறிந்தது. மேட்டை முழுசாக எடுத்துவிட்டால் அவருக்கு எல்லைக்கோடே இல்லை. ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துச் சமரசம் பேசவும் அவரால் முடியாது. காது கேளாதவர், மெதுவாக நடக்கும் முதியவர், ஆட்டிசம் உள்ள பிள்ளை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய் என்று எல்லோரும் அதே பதற்றத்தில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

இங்கே ஆபத்து இன்னும் பெரிது

அங்கே கார் மட்டும்தான் பிரச்சினை. நம் ஊரில் மேடு போனதும் முதலில் ஏறிவருவது பைக். நெரிசலில் நடைபாதை மீதே ஏற்றி ஓட்டும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மேடே இல்லையென்றால் கடை வாசல் வரை வந்துவிடும். அடுத்த வாரமே ஓரம் முழுக்க இருசக்கர வாகனம் நிறுத்தும் இடமாகிவிடும். கடைக்காரர் பொருளை வெளியே பரப்புவார். நடக்கிறவர் எங்கே போவார்? நடுத்தெருவுக்குத்தான். அங்கே ஷேர் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் வரும்.

டில்லி சாந்தினி சௌக்கில் 2021-ல் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை தெருவைப் புதுப்பித்து, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். உன்னதமான நோக்கம். ஆனால் தடை நேரத்திலும் பைக்குகள் உள்ளே புகுவதாகப் புகார் வந்தபடி இருந்தது. வாசலில் தடுப்பும் கண்காணிப்பும் இல்லாமல் வெறும் உத்தரவால் தெரு அடங்காது என்பதற்கு அது கண்கூடான சாட்சி.

சைக்கிளை நினைத்தால் மனசு இன்னும் பதறுகிறது. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. கிராமத்துப் பெண்பிள்ளைகள் படிப்பைத் தொடர அது செய்த உதவி மிகப் பெரியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் சைக்கிளை மிதிப்பது எங்கே? பேருந்துக்கும் டிப்பர் லாரிக்கும் நடுவில்! சைக்கிளைக் கொடுத்த கையே அதற்கொரு பாதையையும் கொடுத்திருக்க வேண்டாமா? 2022-ல் நாடு முழுக்க சுமார் 4,800 சைக்கிள் ஓட்டிகள் சாலையில் இறந்திருக்கிறார்கள்.

இன்னொரு புதிய ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது. மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. புகை இல்லாதது நல்லதுதான். ஆனால் மெதுவாக வரும்போது அவை வருவதே காதில் விழாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் விற்கப்படும் எல்லாப் புதிய மின்சாரக் கார்களும் 20 கிலோமீட்டர் வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்பியாக வேண்டும். அந்த விதியும் கார், வேன், பேருந்து, லாரிகளுக்குத்தான். இருசக்கர வாகனங்களுக்கு இல்லை. நம் கடைத்தெருவில் ஓடுவதோ பெரும்பாலும் இருசக்கர வாகனம். மேடும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் பின்னாலிருந்து வருவதை ஒரு முதியவர் எப்படி அறிவார்?

உங்கள் தெருவை நீங்களே சோதியுங்கள்

புதிய தெரு வேலை தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும் இந்தக் கேள்விகளோடு போய் நில்லுங்கள்.

1. தெருவுக்குள் நுழையும் வாசலிலேயே வண்டியின் வேகம் குறையும்படி உயர்த்திய தளமோ, குறுகிய வாயிலோ இருக்கிறதா? சும்மா ‘மெதுவாகச் செல்லவும்’ பலகை மட்டும் என்றால் ஏற்காதீர்கள்.

2. தெரு நீளமாக, நேராக, அகலமாக இருக்கிறதா? அப்படியிருந்தால் ஓட்டுநர் முறுக்கத்தான் செய்வார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை வளைவோ, உயர்த்திய ஜீப்ரா கிராஸிங்கோ, மரமோ குறுக்கிட வேண்டும்.

3. தரை சமமாக இருந்தாலும், இரு ஓரமும் வண்டியே நுழைய முடியாத தனி நடைவழி இருக்கிறதா? இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 வழிகாட்டி, எந்தத் தடையும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், குப்பைத்தொட்டி எல்லாம் போக மிஞ்சும் அகலத்தை அளந்து பாருங்கள்.

4. அந்த நடைவழியைப் பிரிக்கும் குட்டித் தூண்கள், பைக் நுழையாத அளவுக்கு நெருக்கமாகவும் சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு இடைவெளியோடும் இருக்கின்றனவா? வேலை முடிவதற்குள் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுபோய்த் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

5. பார்வையற்றோருக்கான மஞ்சள் ஓடு ஒழுங்காகப் பதிக்கப்பட்டிருக்கிறதா? கோடு கோடாக உள்ள ஓடு ‘நட’ என்றும் புள்ளி புள்ளியாக உள்ள ஓடு ‘நில், கவனி’ என்றும் காலுக்குச் சொல்லும். ஜப்பானில் செய்ச்சி மியாக்கே உருவாக்கி, 1967-ல் ஒக்காயாமா நகரில் முதன்முதலில் பதித்த முறை இது. நம் ஊர்களில் அதை அலங்காரமாக நினைத்து மின்கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிடுகிறார்கள். வழிகாட்ட வந்த ஓடு ஆளை மோதவைத்தால் அது குற்றம்.

6. அந்தத் தெருவில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க மாற்றுவழி இருக்கிறதா? பேருந்தும் லாரியும் ஊடுருவிப் போகும் பிரதான சாலையைச் சமதளமாக்குகிறார்கள் என்றால் அங்கேயே மறுப்புச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட சாலைக்குத் தனி நடைபாதையும் தனி சைக்கிள் பாதையும்தான் தீர்வு.

7. இரவில் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறதா? அழகு விளக்கு வேறு, ஆள் தெரியும் விளக்கு வேறு.

அதுவரை உயிரைக் காத்துக்கொள்ளுங்கள்

தெரு திருந்தும் வரை காத்திருக்க உயிருக்கு நேரமில்லை. நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக நடங்கள். எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணில் படும். கடக்கும்போது ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார், வண்டியும் வேகம் குறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகே காலை எடுத்து வையுங்கள். நின்றிருக்கும் பேருந்தின் முன்புறமாகக் கடக்கவே கடக்காதீர்கள். காதில் ஹெட்போன் வேண்டாம்.

சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்திவைத்த காரிலிருந்து ஒரு கதவு தூரம் தள்ளியே போங்கள். இடப்பக்கம் திரும்பும் லாரி, பேருந்தின் பக்கவாட்டில் புகுந்துவிடாதீர்கள்; ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். கார் ஓட்டுகிறவர்கள் இறங்கும்போது கதவை இடக்கையால் திறக்கப் பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். கடைத்தெருவுக்குள் நுழைந்துவிட்டால், பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், 20-ஐத் தாண்டாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது

தெரு அமைப்பில் தவறு இருந்தால் யாரைக் கேட்பது என்று தயங்க வேண்டாம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சாலையை வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிக்க வேண்டியவர் உரிய பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் யாருமே தப்ப முடியாது.

கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இன்றுவரை நாட்டின் சாலைப் பாதுகாப்பை அசைத்துக்கொண்டிருக்கிறது. தடையில்லாத நடைபாதை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025-ல் நீதிமன்றம் சொன்னது. நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர் பாதுகாப்புக்கு மாநிலங்கள் விதி வகுக்க வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரில் உத்தரவும் போட்டது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டு, நடப்பவருக்கே முன்னுரிமை என்று எழுதிவைத்திருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அது தரையில் இறங்க, கேட்க ஆள்தான் வேண்டும்.

கான்கிரீட் காய்ந்த பிறகு கத்திப் பயனில்லை. டெண்டர் விடும் முன்பே வரைபடத்தைக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் வார்டு கவுன்சிலரிடம், ‘வண்டி எந்த வேகத்தில் வரும்? அதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்ற இரண்டே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் தெருவில் இருக்கும் ஒரு பார்வையற்றவரையும், ஒரு பாட்டியையும், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையையும் அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். அவர்கள் மூவரும் பயமில்லாமல் நடமாட முடியும் என்று அதிகாரி அங்கேயே வரைபடத்தை வைத்துக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க விடாதீர்கள். வேகத்தை இறக்கிய பிறகுதான் மேட்டை இறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் போவது உயிர்!